பதினோராவது தட்டில் வைத்த பவர் சப்ளை

வெண்ணந்தூர்,
வியாழக்கிழமை, கோழிக்குத் தீவனம் வைத்த பிறகு.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை நடத்திவருபவரும், என் தங்கை வசந்தாமணியின் கணவருமாகிய மதிப்பிற்குரிய மாப்பிள்ளை கதிர்வேல் அவர்களுக்கு, வெண்ணந்தூர் கோழிப்பண்ணை சின்னண்ணன் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நான் நலம். என் வீட்டுக்காரி பூவாத்தாளும் நலம். கோழிகள் முட்டை போடுகிற அளவுக்கு நலம். அங்கே நீங்களும், தங்கையும், உங்கள் மகள் கனிஷ்காவும், புதிதாகக் கட்டிய வீடும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். இந்த வரியை எழுதும்போது கோபத்தில் பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்துவிட்டது. இருந்தாலும் மாப்பிள்ளைக்குத் தர வேண்டிய மரியாதையைத் தந்துதானே ஆக வேண்டும், தந்துவிட்டேன்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் உங்கள் பட்டறையில் யாராவது சம்மட்டியால் தகரத்தை அடிக்கிறார்கள். நீங்களும் "இருங் மச்சான், அக்கட்டால போயிப் பேசறேன்" என்று சொல்லிவிட்டு அப்படியே போய்விடுகிறீர்கள். கடிதத்தில் யாரும் சம்மட்டி அடிக்க முடியாது. கடைசி வரைக்கும் நீங்கள் கேட்டே ஆக வேண்டும்.

நேற்று நம் முட்டை வண்டி நாமக்கல்லில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பி வந்தது. டிரைவர் பூபதி காலி அட்டைகளை எல்லாம் இறக்கி முடித்துவிட்டு, அடியிலிருந்து ஒரு சிமெண்டுச் சாக்கை உருவி, "நாமக்கல் ஊட்ல குடுத்து உட்டாங்ணா" என்று என் கையில் திணித்தான். நான் ஏதோ தங்கை பலகாரம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள் என்று ஆசையாகப் பிரித்தேன். பிரித்தால், உங்கள் புதுமனை புகுவிழாவுக்கு நான் பிறந்த வீட்டுச் சீராகக் கொண்டுவந்து வைத்த கம்ப்யூட்டரின் பவர் சப்ளை! சீர்த் தட்டில் வைத்த பொருள் மாப்பிள்ளை அது! மேளம் முன்னால் போக, எங்கள் பங்காளி வீட்டுப் பெண்கள் பட்டுக் கட்டிக்கொண்டு தெருமுனையிலிருந்து தூக்கி வந்த பொருள். அதை ஒரு மஞ்சள் துண்டு இல்லாமல், ஒரு வெற்றிலை இல்லாமல், பழைய இரும்புக்காரனுக்குப் போடுவது போலச் சாக்கில் சுருட்டி, முட்டை வழிந்த அட்டைக்கு அடியில் செருகி அனுப்பியிருக்கிறீர்கள். பிறந்த வீட்டுச் சீரை யாராவது திருப்பி அனுப்பினார்கள் என்று நம் பக்கத்தில் எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வரப்புத் தகராறில் கோர்ட்டுக்குப் போய் முகம் பார்க்காமல் இருக்கிற வீடுகளில்கூடச் சீர்ப் பாத்திரம் மட்டும் வைத்த இடத்தில்தான் இருக்கிறது. சீர் திரும்பிவிட்டால் அண்ணன்காரனுக்கு அந்த வீட்டில் இனி வேலை இல்லை என்று அர்த்தம். நான் என் தங்கை வீட்டு வாசற்படியை இனிமேல் மிதிக்கலாமா, கூடாதா? அதை ஒரு வார்த்தையில் தெரிந்துகொள்ளத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. நான் கொண்டுவந்தது பதினொரு தட்டு. சீர் என்றால் ஒற்றைப்படையில் வைக்க வேண்டும் என்று உங்கள் பட்டறையில் ரிவெட் அடிக்கிற பையனுக்குக்கூடத் தெரியும். பதினொன்றில் நீங்கள் ஒன்றைப் பிடுங்கிவிட்டீர்கள். மீதி பத்து. இப்போது என் தங்கையின் புது வீட்டில் இரட்டைப்படையில் சீர் நின்றுகொண்டிருக்கிறது. நாளைக்கு அந்த வீட்டில் ஒரு மோட்டார் காயில் போனாலும், ஒரு பால் திரிந்தாலும், "பொறந்த ஊட்டுச் சீரு சரியில்ல" என்று பழி யார் தலையில் விழும்? உங்கள் தலையிலா விழும்?

நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன், உங்களுக்கே மறந்திருக்கும். வீடு கட்டி முடிகிற சமயத்தில் தங்கையிடம் சீருக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். பிரிட்ஜ் இருக்கிறது, பீரோ இருக்கிறது, கட்டில் இருக்கிறது, எதுவும் வேண்டாம் என்றாள். நான் விடவில்லை. கடைசியில், "கனிஷ்கா கேம் வெளையாடற கம்ப்யூட்டர் வேணும்ங்கறாங்ணா. ஏதோ டீமு வெச்சிருக்கறாளாம், போட்டிக்கெல்லாம் போறாளாம். அதை வேணும்னா வாங்கிக் குடுங்க" என்றாள். வீட்டில் விளையாட ஒரு கம்ப்யூட்டரா என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமன் வாங்கிக் கொடுப்பான் என்று பிள்ளை நினைத்தாளே, அதுவே போதும் என்று பூவாத்தாளைக் கூட்டிக்கொண்டு சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் நவநீதகிருஷ்ணன் நல்ல மனிதர். கனிஷ்கா போனில் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு, "அசெம்பிள் பண்ணி ஒரே பொட்டியாக் குடுத்தர்றனுங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே பெட்டியா? ஒரே பெட்டி என்றால் ஒரே தட்டு. ஒரே தட்டைத் தூக்கிக்கொண்டு நான் எப்படி மேளத்துக்குப் பின்னால் நடப்பேன்? தனித்தனியாகக் கொடுங்கள், தட்டுத் தட்டாக வைக்க வேண்டும் என்றேன். கேபினட் ஒரு தட்டு, மதர்போர்டு ஒரு தட்டு, பிராசசர் ஒரு தட்டு, அதன் தலையில் மாட்டுகிற காற்றாடி ஒரு தட்டு, ரேம், எஸ்.எஸ்.டி., கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர், கீபோர்டு, மவுஸ் என்று எண்ணிக்கொண்டே வந்தால் பத்தில் நின்றது. இரட்டைப்படையாகிறதே என்றேன். "இன்னொண்ணு இருக்குதுங்க, பவர் சப்ளை. அதுதான் எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்கறது" என்றார். அந்தப் பதினோராவது தட்டைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அதைத்தான் நீங்கள் சாக்கில் கட்டி அனுப்பியிருக்கிறீர்கள்.

இப்போது வாட் கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் விருந்தில் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தது இதற்காகத்தான். நவநீதகிருஷ்ணன் எழுநூற்றைம்பது வாட் பவர் சப்ளையை எடுத்து வைத்தார். நான் எதற்கு இத்தனை என்று கேட்டேன். "கிராபிக்ஸ் கார்டுக்கு மட்டும் முன்னூறு வாட்டுங்க. பிராசசர் நூத்தைம்பது போகும். மத்ததெல்லாம் ஒரு அம்பது அறுபது. கேம் சூடு புடிக்கறப்ப திடீர்னு ஒரு இழுப்பு இழுக்கும். மோட்டார் எடுக்கறப்ப இழுக்கறாப்பலன்னு வெச்சுக்கங்க. அதைத் தாங்கோணும்" என்றார். முன்னூறும் நூற்றைம்பதும் நானூற்றைம்பது. சில்லறை ஐம்பது அறுபதை எந்த ஊரில் கணக்கில் சேர்க்கிறார்கள்? மோட்டார் என்கிறாரே, மோட்டார் அத்தனை அடி ஆழத்திலிருந்து தண்ணீரைத் தூக்குகிறது. இது எதைத் தூக்குகிறது? இதைக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மாப்பிள்ளை, வாட் என்றால் என்ன என்று எனக்குப் பாடம் எடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. நான் குஞ்சு வளர்த்துப் பெரியதாக்கி முட்டை வாங்குகிறவன். குஞ்சுக் கொட்டகையில் குஞ்சுக்கு ஒரு வாட் என்று பல்பு கட்ட வேண்டும், குறைந்தால் குஞ்சு குளிரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் செத்துப் போகும், கூடினால் ஓரத்தில் ஒதுங்கி வாயைப் பிளக்கும். நூறு வாட் பல்பு போட்டால் நூறு வாட் எரியும். குஞ்சு இருந்தாலும் எரியும், இல்லாவிட்டாலும் எரியும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கரண்ட் ஆபீசில் போய்க் கட்டுகிறவனுக்கு அந்த வேதனை தெரியும். எழுநூற்றைம்பது என்று எழுதிய பெட்டியைச் செருகினால் எழுநூற்றைம்பது எரியாமல் வேறு என்ன எரியும்? கனிஷ்கா மணிக்கணக்கில் விளையாடுகிற பிள்ளை. அண்ணன் கொடுத்த சீரால் தங்கை வாழ்நாள் முழுக்கக் கரண்ட் பில் கட்டி அழ வேண்டுமா? அப்படி ஒரு சீரை நான் கொடுப்பேனா? அதனால்தான் நானூற்றைம்பது போதும் என்றேன். கஞ்சத்தனம் என்று உங்கள் வீட்டில் யாரோ பேசிக்கொண்டதாகக் கேள்வி. கஞ்சனாக இருந்தால் கிராபிக்ஸ் கார்டு வாங்கும்போதே மயங்கி விழுந்திருப்பேன். நான் வாட்டைக் குறைத்தது என் தங்கைக்காக.

நானூற்றைம்பது என்று மொட்டையாக வைப்பதும் முறை இல்லை. மொய் எழுதினாலும் ஒன்று சேர்த்துத்தானே எழுதுகிறோம்? நானூற்று ஐம்பத்தொரு வாட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். "அப்படிச் செய்யறதில்லீங்க" என்றார் நவநீதகிருஷ்ணன், மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார். பூவாத்தாள்தான் யோசனை சொன்னாள். பக்கத்து எலக்ட்ரிக்கல் கடையில் ஒரு வாட் குட்டி பல்பு, ராத்திரி விளக்காக எரியுமே, அதை ஒன்று வாங்கிப் பவர் சப்ளையோடு அதே தட்டில் வைத்தோம். நானூற்றைம்பதும் ஒன்றும் நானூற்று ஐம்பத்தொன்று. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவன் நான்.

விழா அன்று காலையில் நடந்தது உங்களுக்குத் தெரியாது, நீங்கள் ஓம குண்டத்துப் புகையில் உட்கார்ந்திருந்தீர்கள். அட்டைப் பெட்டியோடு தட்டில் வைத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்று பூவாத்தாள் எல்லாவற்றையும் பிரித்து வெளியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்க ஆரம்பித்தாள். கீபோர்டுக்கு வைத்தாள், மவுஸுக்கு வைத்தாள், கிராபிக்ஸ் கார்டின் மூன்று காற்றாடிக்கும் மூன்று பொட்டு வைத்தாள். பிராசசர் பக்கம் விரலைக் கொண்டுபோன நேரத்தில் கனிஷ்கா ஓடிவந்து, "ஐயோ அத்தை, அதைத் தொடாதீங்க, செத்துரும்!" என்று கத்தினாள். நல்ல நாளில் வாசலில் நின்று செத்துரும் என்று சொல்லலாமா? பிள்ளை என்று பொறுத்துக்கொண்டோம். பிராசசர் கட்டைவிரல் நகத்துக்குக் கொஞ்சம் பெரியது, அதை வைத்த தாம்பாளம் கல்யாணத் தாம்பாளம். உங்கள் அத்தை ஆராயி எட்டிப் பார்த்துவிட்டு, "இதென்ன, வெறுந்தட்டத் தூக்கிட்டு வாரீங்க?" என்று நாலு பேர் கேட்கக் கேட்டார். பக்கத்தில் ஒரு தேங்காயை வைத்து மானத்தைக் காப்பாற்றினோம். விலையைக் கேட்டிருந்தால் அந்த நகத்தளவு சாமானுக்குத்தான் அவர் மயங்கியிருப்பார்.

அப்புறம் கனிஷ்கா மாடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தானே மாட்டி, ஹாலுக்குக் கொண்டுவந்து வைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவில்லை. பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டு ஹாலில் கூடியிருந்தபோது, நீங்கள்தானே "கண்ணு, மாமா வாங்கிக் குடுத்த கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்டு" என்றீர்கள்? போட்டாள். கலர் கலராக வெளிச்சம் வந்தது. ஏதோ கோட்டைக்குள் துப்பாக்கியோடு ஓடினாள். முதல் குண்டு வெடித்தது, திரை கருப்பாகிவிட்டது. எதிரி செத்துவிட்டான் போலிருக்கிறது என்று உங்கள் பங்காளிகள் கை தட்டினார்கள். மறுபடி போட்டாள், மறுபடி அதே கோட்டை, மறுபடி குண்டு, மறுபடி கருப்பு. இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. ஆராயி அத்தை மூக்கில் விரலை வைத்துக்கொண்டு, "பால் காச்சுன அன்னிக்கே பொறந்த ஊட்டுச் சீரு பொசுக்குனு அணஞ்சு போச்சேடி வசந்தாமணி" என்றார். என் தங்கை முகம் எப்படிச் சுருங்கியது என்று நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்திருக்க வேண்டும்? வோல்டேஜ் குறைவு என்று ஒரு வார்த்தை சொல்லி மூடியிருக்கலாம். புது வீடு, புது லைன், யார் கேட்கப் போகிறார்கள்? நீங்களோ பவர் சப்ளையின் முதுகில் எழுதியிருந்ததைக் குனிந்து படித்துவிட்டு, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஏனுங் மச்சான், பதினாறு டன் லாரில ஒத்தத் தேங்காய ஏத்துனா, பதினாறு டன் லோடாயிருமுங்களா? எத்தனை ஏத்தறமோ அத்தனைதானுங்க சொமக்கும். பெரிய வண்டியா வாங்கியிருக்கோணும். நீங்க குட்டியானைல பாறாங்கல்ல ஏத்திப்போட்டீங்க" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். காலி சாம்பார் வாளியோடு போன பரிமாறுகிற ஆள்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். என் தங்கை மட்டும் சிரிக்கவில்லை.

அதற்குப் பதில் எனக்கு ராசிபுரம் தாண்டி வரும்போதுதான் தோன்றியது, அங்கே நீங்கள் இல்லை. இப்போது சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒற்றைத் தேங்காயை ஏற்றிக்கொண்டு அந்தப் பதினாறு டன் லாரி திருச்செங்கோடு போய் வந்தால் டீசல் குடிக்காதா? தேங்காய்க்குத் தகுந்த டீசல்தான் குடிக்குமா? காலி லாரி குடிக்கிற டீசலை யார் கட்டுவது? லாரிக்காரர்களோடு காலம் முழுக்கப் பழகுகிற உங்களுக்கு இது தெரியாமல் போனதுதான் ஆச்சரியம். இந்தக் கேள்விக்குப் பதில் வரும்வரை குட்டியானைப் பேச்சை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

அன்று நான் செருப்பை மாட்டிக்கொண்டு நேராக வண்டியில் ஏறிவிட்டேன். "வாரேன்" என்று யாரிடமும் சொல்லவில்லை. தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அவள் போன் செய்தாள், நான் எடுக்கவில்லை. மறுபடி செய்தாள், எடுக்கவில்லை. அது அண்ணன் தங்கை விஷயம், அதில் நீங்கள் தலையிட வேண்டாம். கோபம் தணிந்ததும் நானே போக வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் உங்கள் சாக்கு வந்து சேர்ந்துவிட்டது.

சரி, திருப்பி அனுப்பினீர்களே, முழுதாகவாவது அனுப்பினீர்களா? பவர் சப்ளையைக் குஞ்சுக் கொட்டகைக்குக் கொண்டுபோய், பல்புக்குப் பக்கத்து பிளக்கில் செருகி, அதன் முதுகில் இருந்த சுவிட்சையும் போட்டேன். சத்தம் இல்லை. காற்றாடி சுற்றவில்லை. சுற்றுவது கண்ணுக்குத் தெரியவில்லையோ என்று ஒரு கோழி இறகை எடுத்துத் துவாரத்துக்கு நேராகப் பிடித்தேன். இறகு அசையவில்லை. எரித்துவிட்டீர்கள் மாப்பிள்ளை. உயிரோடு கொடுத்ததைப் பிணமாகத் திருப்பியிருக்கிறீர்கள். எப்படி எரிந்தது என்பதும் எனக்குத் தெரியும். நான் கொடுத்த கேபினட் உங்கள் வீட்டில் இல்லை, பட்டறையில் பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவில் கண்ணாடி கழற்றிக் கிடக்கிறது என்று பூபதி கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொல்கிறான். லாரிக்குப் போடுகிற சீரியல் பல்பை எல்லாம் உள்ளே மாட்டி அழகு பார்த்திருப்பீர்கள். சீர்ப் பொருளைப் பட்டறைத் தரையில் போடுவதற்கு உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

கடைசியாக ஒன்று. சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறிப் பார்த்தேன், அந்த ஒரு வாட் பல்பு அதில் இல்லை. நான் கொடுத்தது நானூற்று ஐம்பத்தொன்று. திரும்பி வந்தது நானூற்றைம்பது. உறவை முறிக்கிறவர் அதையாவது முழுதாக முறிக்க வேண்டாமா? அந்தப் பல்பு எங்கே என்று இதைக் கொண்டுவரும் பூபதியிடமே சொல்லி அனுப்பவும். குப்பையில் போட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், தெரிந்துகொள்கிறேன்.

எழுத இன்னும் இருக்கிறது, பூபதி அவசரப்படுத்துகிறான். என்ன இருந்தாலும் நான் உங்களுக்கு மூத்தவன், திட்டிவிட்டு வாழ்த்தாமல் விடக்கூடாது. உங்கள் பட்டறையில் கட்டுகிற ஒவ்வொரு லாரியும் கோணாமல் ரோட்டில் ஓடட்டும். கனிஷ்காவின் டீம் ஜெயிக்கட்டும். என் தங்கை வீட்டுத் தண்ணீர்த் தொட்டி எந்தக் கோடையிலும் வற்றாமல் இருக்கட்டும். ஆராயி அத்தைக்கு நல்ல வாக்கு வரட்டும். பூவாத்தாள் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். அவளுக்கு உங்கள்மேல் கோபம் இல்லையாம், அதனால் அவள்மேலும் எனக்குக் கோபம்.

இப்படிக்கு,
இன்னமும் உங்கள் மச்சான்தானா என்று தெரியாத
சின்னண்ணன்.

பின்குறிப்பு: மாப்பிள்ளை, மேலே எழுதியதைத் தயவுசெய்து படிக்க வேண்டாம். கடிதத்தை மடித்து, "கொண்டுபோய் மாப்பிள்ளை கையிலேயே குடு" என்று பூபதியிடம் நீட்டினேன். அவன் கடிதத்தை வாங்காமல் தன் போனை என் காதில் வைத்துவிட்டான். மறுமுனையில் வசந்தாமணி. "ஏனுங்ணா, என்ற போனுக்கு எடுக்க மாட்டீங்க, பூபதி போனுக்குத்தான் பேசுவீங்களா?" என்றாள். நான் சாக்கைப் பற்றிக் கேட்டேன். சாக்கில் கட்டி அனுப்பியது அவள்தானாம்! உங்களுக்கு இதில் ஒன்றுமே தெரியாதாம், பெயின்ட் படக்கூடாது என்று பவர் சப்ளையைக் கழற்றி உள்ளே வைத்திருப்பதாக உங்களிடம் சொல்லியிருக்கிறாளாம். "ஒரு தட்டுக் கொறஞ்சா நீங்க நேர்ல வந்து வெச்சுத்தானுங்ணா ஆவோணும்? அன்னிக்கு வாரேன்னுகூடச் சொல்லாமப் போனீங்க. வேற என்ன பண்ணுனா நீங்க என்ற ஊட்டுப் படி ஏறுவீங்க?" என்றாள். அதற்கு ஒரு மஞ்சள் துண்டாவது வைத்து அனுப்பக்கூடாதா என்றேன். "மஞ்ச வெச்சிருந்தா நீங்க வாங்கி எடுத்து வெச்சுப்போட்டுச் சும்மா இருந்திருப்பீங்க" என்றாள். என்னை இவ்வளவு சரியாகத் தெரிந்துவைத்திருக்கிறாள்.

பவர் சப்ளையும் எரியவில்லையாம். கனிஷ்கா போனை வாங்கி, "அது தனியா ஓடாதுங் மாமா. போர்டுல மாட்டி, போர்டு கூப்பிட்டாத்தான் எந்திரிக்கும்" என்றாள். கூப்பிடாமல் எழாது என்கிற அதன் குணம் எனக்குப் பிடித்திருக்கிறது. காலி லாரி டீசல் குடிக்குமா, குடிக்காதா என்று அவளிடமும் கேட்டேன். "கொஞ்சமாக் குடிக்குமுங் மாமா, ரொம்ப இல்ல" என்றாள். ஆக, குடிக்கும். இந்த ஒரு இடத்தை மட்டும் நீங்கள் மேலே போய்ப் படிக்கலாம். கேபினட் பட்டறையில் ஏன் இருக்கிறது என்பதையும் சொன்னாள். அதன் நெற்றியில் இரண்டு பக்கமும் மயில் வைத்து, லாரிக்கு எழுதுவது போல மஞ்சளில் "மச்சான் துணை" என்று எழுதிக்கொண்டிருக்கிறீர்களாமே? சிவப்பில் நிழல் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தூரத்திலிருந்து தெரியாது. ஆராயி அத்தைக்குக் கண் பார்வை கம்மி.

கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம், ஆனால் முட்டை வெயிலில் நிற்கிறது, பதினொரு தட்டைப் பற்றி எழுதியது எனக்கே நன்றாக வந்திருப்பதாகத் தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஃபேர்லேண்ட்ஸ் போய் இந்த நானூற்றைம்பதைக் கொடுத்துவிட்டு எழுநூற்றைம்பதை வாங்கிக்கொண்டு, பூவாத்தாளோடு நேராக அங்கே வருகிறேன். மேளம் வேண்டாம். எழுநூற்று ஐம்பத்தொன்று ஆக்க இன்னொரு பல்பு வாங்கட்டுமா என்று தங்கையைக் கேட்டேன். வேண்டாமாம், அந்த ஒரு வாட் அங்கேயேதான் இருக்கிறதாம். "சாமி ரூம்ல போட்டிருக்கறனுங்ணா. ஆராயி அத்தை அணஞ்சு போச்சுன்னு சொன்ன அன்னிக்குச் சாயங்காலம் போட்டது. இன்னும் அணைக்கவே இல்ல" என்றாள். போனைப் பூபதியிடம் கொடுத்துவிட்டேன். பகலிலாவது அதை அணைத்து வைக்கச் சொல்லுங்கள் மாப்பிள்ளை. ஒரு வாட்டாக இருந்தாலும் பில் ஏறும்.